எஸ்எம்58 கையில் இருக்க, பதினாறாயிரத்துக்கு இன்னொரு மைக் எதற்கு?

என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான், கோபப்பட ஒன்றுமில்லை. ஆறு வருடமாக என்னிடம் ஒரு ஷூர் எஸ்எம்58 இருக்கிறது. ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை. ஒருமுறை மேடை ஓரத்திலிருந்து உருண்டு சிமெண்ட் தரையில் விழுந்து வலை ஒரு பக்கம் சப்பையாகிவிட்டது, எடுத்துத் துடைத்துவிட்டு அடுத்த பாட்டை அதிலேயே பாடினேன், கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வலையைக்கூட நான் மாற்றவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்பூன் காம்பை உள்ளே விட்டு நெம்பி நிமிர்த்திக்கொண்டேன். அப்படி ஒரு மைக்கை வைத்துக்கொண்டு, அதைவிட ஒன்றரை மடங்கு விலையில் இன்னொன்று வாங்கலாமா என்று மூன்று மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தால் வீட்டில் கேட்கத்தானே செய்வார்கள்.

புலம்பியது மட்டுமில்லை, அந்த மூன்று மாதத்தில் மூன்று மைக்குகளை இரவல் வாங்கிப் பாடிப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் பாடுவது திருச்சிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில். திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ், சனி ஞாயிறு கல்யாண ரிசப்ஷன், ஆடி பிறந்தால் அம்மன் கோயில் திருவிழாக்கள், டிசம்பர் 31 ராத்திரி எங்காவது ஒரு கிளப். வருடத்துக்கு நாற்பது மேடை தேறும். ஆகவே ஸ்டுடியோக்காரர்களுக்கும், வீட்டில் உட்கார்ந்து யூடியூபுக்குப் பாடுகிறவர்களுக்கும் இதில் பெரிய உபயோகம் கிடையாது. முதுகுக்குப் பின்னால் ரிதம் பேடு (குச்சியால் தட்டி வாசிக்கும் மின்தாளக் கருவி) அதிர்ந்துகொண்டிருக்க, முன்னால் பந்திக்குப் போகலாமா இன்னும் ஒரு பாட்டு கேட்கலாமா என்று கூட்டம் யோசித்துக்கொண்டிருக்க, மைக்செட்காரர் எந்த ஸ்பீக்கர் கொடுக்கிறாரோ அதில் பாடியாக வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன்.

சொந்தமாக ஒரு மைக் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. காரணம் சத்தம் இல்லை, வாசனை. மைக்செட்டோடு வரும் மைக்கை முந்தாநாள் ஒரு பட்டிமன்றத்தில் ஆறு பேர் மாற்றி மாற்றிப் பிடித்திருப்பார்கள், நேற்று யாரோ வெற்றிலையை மென்றுகொண்டே கோயில் ஏலம் விட்டிருப்பார், இன்றைக்கு நமக்குச் சற்று முன்னால் மாப்பிள்ளையின் தாய்மாமன் வாழ்த்துரை வழங்கியிருப்பார். எந்தக் கம்பெனி மைக்காக இருந்தாலும் வலைக்கு உள்பக்கம் மெல்லிய பஞ்சு ஒன்று இருக்கும். அத்தனை பேர் எச்சிலும் போய்ச் சேரும் இடம் அதுதான். வலையைத் திருகிக் கழற்றி அந்தப் பஞ்சை ஒருநாள் பார்த்துவிட்டால் அப்புறம் உதட்டைப் பக்கத்தில் கொண்டுபோக மனசே வராது. ஒரு சாண் தள்ளியே பிடிப்போம். அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் நம் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், தூரம் இரட்டிப்பானால் அதே அளவு குறையும். ஒரு சாண் தள்ளிப் பாடுகிற பாடகியைக் கேட்க வைக்க மைக்செட் அண்ணன் கெயினை, அதாவது மைக் சத்தத்தை ஏற்றுகிற குமிழைத் திருப்பிக்கொண்டே போவார், கெயின் ஏற ஏறப் பின்னால் இருக்கிற பேடும் ஸ்பீக்கர் சத்தமும் சேர்ந்து உள்ளே வரும், கடைசியில் மைக் கூ... என்று ஊளையிடும். பழி பாடகி மேல்.

அதனால்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் 58 வாங்கினேன். சுத்தமான என் சொந்த மைக், இரண்டு விரல் தூரத்தில் வைத்துப் பாடலாம். அந்த ஒரு மாற்றத்திலேயே குரல் எங்கேயோ போய்விட்டது. இதுவரை நான் செலவு செய்ததில் அந்தப் பணத்துக்குக் கிடைத்த வித்தியாசம் மாதிரி வேறு எதற்கும் கிடைத்ததில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் புகழப்போகிற எந்த மைக்கும் அந்த அளவுக்குத் தாவவில்லை.

58 பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவின் ஷூர் கம்பெனி 1966-இல் கொண்டுவந்தது. உள்ளே சத்தத்தை வாங்குகிற பாகமான யூனிடைன் 3 என்ற கேப்சூல் எர்னி சீலர் என்ற எஞ்சினியரின் கைவேலை, அது இன்னும் பழசு. பெயரில் உள்ள எஸ்எம் ‘ஸ்டுடியோ மைக்ரோஃபோன்’ என்பதன் சுருக்கம், டிவி ஸ்டுடியோக்களை மனதில் வைத்துச் செய்தது, மேடைக்கு வந்து பேர் வாங்கியதெல்லாம் அப்புறம். வேடிக்கை என்னவென்றால் இன்றைக்கு மைக் என்று யாரைப் படம் வரையச் சொன்னாலும் அந்த உருண்டைத் தலையைத்தான் வரைகிறார்கள். கேப்சூலைத் தாங்குவதற்கு ரப்பரும் காற்றும் சேர்ந்த ஒரு மெத்தை உள்ளே உண்டு, அதனால் கை மாற்றிப் பிடித்தாலும் ஸ்பீக்கரில் ‘டொம் டொம்’ என்று கேட்காது. விலை குறைந்த மைக்குகளில் முதலில் அடிவாங்குவது இந்த இடம்தான்.

அப்புறம் என்ன குறை? போன ஆடியில் ஒரு கோயில் திருவிழா முடிந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நல்லா பாடுன தாயி, குரலு நல்லா இருக்கு. வார்த்தைதான் ஒண்ணும் வெளங்கல.” அன்றைக்கு ராத்திரி முழுக்க அது உறுத்தியது. மறுநாள் மிக்சரில் இருந்து எடுத்த பதிவைப் போட்டுக் கேட்டேன். பாட்டி சொன்னது சரி. 58-ஐ உதட்டோடு ஒட்டிப் பாடினால் கீழ்ச்சுரங்கள் கனத்துப் போகின்றன. இது 58-இன் குற்றம் மட்டுமில்லை, முன்பக்கச் சத்தத்தை மட்டும் வாங்குகிற எல்லா மைக்குக்கும் உள்ள குணம், கிட்டப் போகப் போக பேஸ் கூடும். ஆண் குரலுக்கு அது அழகாகக்கூட இருக்கும், எங்கள் குழுவில் பாடும் அண்ணன் அந்தக் கனத்தை வைத்தே பிழைக்கிறார். எனக்கு அது குடத்துக்குள் வாயை வைத்துப் பாடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. மைக்செட் அண்ணன் பேஸைக் குறைத்தால் குரல் தகரம் ஆகிறது. 58 வாங்கும் அலைவரிசை 50 ஹெர்ட்ஸிலிருந்து 15,000 ஹெர்ட்ஸ் வரை, மேல்பக்கம் கொஞ்சம் மூடிய மாதிரிதான் இருக்கும், ல வுக்கும் ள வுக்கும் ழ வுக்கும் நான் மெனக்கெட்டுக் கொடுக்கிற வித்தியாசம் எல்லாம் பேடு சத்தத்தில் கரைந்துபோகிறது.

சரி, விலை கூடின மைக் என்றால் தெளிவு கூடும், காசுக்கேத்த தோசை என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

முதலில் கிடைத்தது ஷூரின் பீட்டா 58ஏ. வேறொரு குழுவில் பாடும் தோழி இரண்டு நிகழ்ச்சிக்குக் கொடுத்தாள். தலையைச் சுற்றி நீலப் பட்டை போட்டிருக்கும், மேடையில் பார்க்க கம்பீரமாக இருக்கும். உள்ளே நியோடிமியம் என்ற வலுவான காந்தம், 58-ஐவிட ஏறக்குறைய 3 டெசிபல் கூடுதல் சத்தம் தரும். இந்த 3 டெசிபலைத்தான் கடைகளில் பெரிதாகச் சொல்வார்கள். அது மிக்சரில் ஒரு குமிழைக் கால்வாசி திருப்புகிற விஷயம், அதற்காக யாரும் பணம் கொடுக்க வேண்டாம்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு ரிசப்ஷன். வழக்கம்போல என் காலுக்கு நேர் முன்னால் ஒரே ஒரு மானிட்டர் பெட்டி (என் குரல் எனக்கே கேட்பதற்கான ஸ்பீக்கர்), என்னைப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்தார்கள். முதல் பாட்டின் பல்லவி தாண்டவில்லை, மைக் ஊளை. மைக்செட் அண்ணன் குறைத்தார், குறைத்தால் எனக்கு என் குரல் கேட்கவில்லை. ஏற்றினார், மறுபடி ஊளை. இடைவெளியில் மேடை ஓரத்துக்கு வந்து கேட்டார்.

“ஏம்மா, மைக்க மாத்திட்டியா?”

“ஆமாண்ணே. இது நம்ம 58-ஐவிட விலை கூட.”

“வெல கூடன்னா கத்துறதும் கூடவா? பழச எடும்மா.”

பழசை எடுத்தேன். கப்சிப். அன்றைக்கு எனக்குப் பீட்டா மேல் வெறுப்பே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்த பிறகுதான் தப்பு மைக்கில் இல்லை என்று புரிந்தது. 58-க்கு நேர் பின்பக்கம் காது கிடையாது, அதாவது கையில் பிடித்திருக்கும்போது வயர் சொருகும் பக்கம். காலடியில் நேர் முன்னால் வைத்த மானிட்டர் ஏறத்தாழ அந்தச் செவிட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் கத்துவதில்லை. பீட்டா 58ஏ வேறு ஜாதி, சூப்பர்கார்டியாய்ட் என்பார்கள். முன்பக்கம் இன்னும் குறுகலாக வாங்கும், ஆனால் நேர் பின்னால் சின்னதாக ஒரு ஜன்னல் திறந்திருக்கும். அதன் செவிட்டுப் பக்கங்கள் இரண்டு, முன்பக்கத்திலிருந்து சுமார் 126 டிகிரியில் இடதும் வலதுமாகப் பின்னால் சரிந்து இருக்கின்றன. நான் மானிட்டரைக் கொண்டுபோய் அந்த ஜன்னலுக்கு நேராக வைத்துக்கொண்டு மைக்கைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த நிகழ்ச்சியில் அண்ணனிடம் கெஞ்சி மானிட்டரை இடது பக்கமாக நகர்த்தி வைக்கச் சொன்னேன். “நீ சொல்றபடியே வைக்கிறேன், கத்துச்சுன்னா நான் கெளம்பிருவேன்” என்று வைத்தார். கத்தவில்லை. 58-இல் போகிற அளவைவிடக் கூடுதலாகவே ஏற்ற முடிந்தது, பேடு சத்தமும் குறைவாகத்தான் உள்ளே வந்தது. சொற்கள் பளிச்சென்று இருந்தன. ஆனால் என் குரலுக்கு அந்தப் பளிச் கொஞ்சம் அதிகம். ஸ, ஷ வருகிற இடமெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி, ‘சந்தோஷம்’ என்று பாடினால் நடுவில் ஒரு பாம்பு சீறியது. அதைவிடப் பெரிய சிக்கல், நான் தலையை ஆட்டிப் பாடுகிறவள். முகம் கொஞ்சம் விலகினால் 58 மன்னித்துவிடும், பீட்டா மன்னிப்பதில்லை, சட்டென்று குரல் ஒல்லியாகிவிடும். மைக்கை ஆணி அடித்த மாதிரி நேராகப் பிடிக்கிறவர்களுக்கு, மானிட்டரை நினைத்த இடத்தில் வைத்துக்கொள்ள முடிகிற மேடைகளுக்கு இது அருமையான மைக். ஊருக்கு ஊர் வேறு மேடை என்று அலைகிற எனக்கு ஒவ்வொரு தடவையும் இந்த 126 டிகிரிப் பாடத்தை நடத்திக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை.

நடுவில் ஒரு சாயங்காலம் நியூமன் கேஎம்எஸ் 105 கையில் கிடைத்தது. கர்நாடக சங்கீதம் பாடும் ஒரு அக்காவினுடையது. கண்டன்சர் மைக், மிக்சரிலிருந்து 48 வோல்ட் போனால்தான் உயிர் வரும், விலை அரை லட்சத்துக்கு மேல். அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் பாடிப் பார்த்தேன். மூச்சு வாங்குகிற சத்தம்கூட அழகாக இருந்தது என்றால் பாருங்கள். ஒரு கமகத்தின் வால் எங்கே போய் அடங்குகிறது என்பதுவரை கேட்டது, நான் இவ்வளவு நன்றாகப் பாடுகிறேனா என்று எனக்கே சந்தேகம். அக்கா கையோடு எடுத்துப் போகச் சொன்னார், பயந்துகொண்டே எங்கள் ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். அங்கே அது என் குரலை எவ்வளவு நுணுக்கமாக வாங்கியதோ அதே நுணுக்கத்தோடு பேடையும், சீலிங் ஃபேனையும், கீபோர்டு தம்பி பென்சில் தேடியதையும் வாங்கியது. வயலின், மிருதங்கத்தோடு உட்கார்ந்து பாடுகிற மேடைக்கான மைக் அது. ஜெனரேட்டர் பக்கத்தில் குத்துப்பாட்டு பாடுகிறவளுக்கு அது அநியாயம், மைக்குக்குத்தான் அநியாயம். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது சென்ஹைசர் இ935. கீபோர்டு தம்பியின் அண்ணன் ஒரு தேவாலயக் குழுவில் பாடுகிறார், அவருடையது. கையில் எடுத்ததும் கனம் தெரிந்தது, 355 கிராம், 58 வெறும் 298. இரண்டு மணி நேரம் பிடித்தால் மணிக்கட்டுக்கு அந்த ஐம்பது சொச்சம் கிராம் நன்றாகவே தெரியும். இது கார்டியாய்ட், அதாவது 58 மாதிரியே நேர் பின்பக்கம் செவிடு. லால்குடிப் பக்கம் ஒரு கோயில் திருவிழா, மேடை டிராக்டர் டிரெய்லர் மேல், மானிட்டர் வழக்கம்போலக் காலடியில். எதையும் நகர்த்தச் சொல்லவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. பாட ஆரம்பித்தேன்.

முதல் சரணத்தில் கீழே இறங்குகிற இடம் ஒன்று உண்டு. 58-இல் அந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் அழுத்திப் பாடுவேன், இல்லாவிட்டால் கேட்காது. அன்றைக்குப் பழக்கதோஷத்தில் அழுத்தினேன், தேவைக்கு மேல் வந்து விழுந்தது. அடுத்த சரணத்தில் அழுத்தாமல் விட்டேன், அப்படியே நின்றது. கச்சேரி பாதியில் அண்ணன் மிக்சரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார், பதினொரு வருடத்தில் அவர் எனக்கு அப்படிக் காட்டியதே இல்லை. முடிந்ததும் கேட்டேன். “ஒண்ணும் பண்ணலம்மா. வழக்கமா ஒனக்கு பேஸ கீழ எறக்கி, ட்ரெபிள ஏத்தி, ஏதாவது நோண்டிக்கிட்டே இருப்பேன். இன்னைக்கு எல்லாம் நடுவுலயே கெடந்துச்சு” என்றார்.

அந்த ஒரு வரியில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. இ935 வாங்கும் அலைவரிசை 40-லிருந்து 18,000 ஹெர்ட்ஸ் வரை என்று தாளில் போட்டிருக்கிறது, அந்த எண்ணைப் பார்த்து நான் வாங்கவில்லை. கிட்டப் பாடினாலும் குடம் ஆகாமல், தள்ளிப் போனாலும் தகரம் ஆகாமல், என் குரலுக்கு யாரும் எதையும் நோண்டாமலே சரியாக விழுகிறது, அதுதான் விஷயம். பவர் ஒயர் பக்கத்தில் போனால் வருகிற ரீங்காரத்தைத் தடுக்க உள்ளே தனியாக ஒரு சுருள் வைத்திருக்கிறார்கள், சீரியல் செட் விளக்குகளுக்கு நடுவில் நின்று பாடுகிறவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் இதே மைக்கில் எங்கள் குழு அண்ணன் பாடிப் பார்த்துவிட்டு, “என் கனத்தெல்லாம் எங்கம்மா போச்சு?” என்று இரண்டே பாட்டில் 58-க்கே திரும்பிவிட்டார். அவர் காதுக்கு அது இறக்கம். அப்படியென்றால் காசுக்கேத்த தோசை என்று நான் நினைத்தது பாதிதான் சரி.

வீட்டுக்காரரை நம்ப வைக்க ஒரு பரீட்சை வைத்தேன். 58, பீட்டா, இ935 மூன்றிலும் ஒரே பல்லவியைப் பதிவு செய்து, சத்த அளவைச் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன். அளவைச் சமமாக்காமல் கேட்டால் எது சத்தம் கூட இருக்கிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும், யார் செய்து பார்த்தாலும் இதை மறக்க வேண்டாம். போன் ஸ்பீக்கரில் அவருக்கு மூன்றும் ஒன்றே. ஹெட்ஃபோனில் பீட்டாவை மட்டும் கண்டுபிடித்தார், அந்தப் பாம்புச் சீறலை வைத்து. 58-க்கும் இ935-க்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. “இதுக்கா பதினாறாயிரம்?” என்றார். கச்சேரியில் கீபோர்டு, பேடு எல்லாவற்றோடும் சேர்த்து எடுத்த இரண்டு பதிவுகளைப் போட்டேன், அப்போது சொன்னார், “இதுல நீ என்ன பாடுறேன்னு புரியுது.” வெறும் குரலாகக் கேட்டுவிட்டு மைக்குக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதை அவரே எனக்குக் கற்றுக்கொடுத்தார், அவருக்குத் தெரியாமல்.

உடனே ஓடிப்போய் வாங்கிவிடவில்லை. அதற்கு முன்னால் மைக்செட் அண்ணனின் வயர் பெட்டியைக் கிளறினேன், அங்கே ஒரு சங்கதி கிடைத்தது. ஆறு வருடமாக என் 58-க்கு அவர் போட்டுக்கொண்டிருந்தது ஒரு முனையில் மூன்று முள் உள்ள எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் பி-38 ஜாக் (ஒற்றைக் குச்சி மாதிரி இருக்கும் கால் அங்குல ஜாக்) வைத்த இருபது மீட்டர் வயர். அப்படிப் போட்டால் மைக் இரண்டு கம்பியில் அனுப்புகிற சிக்னலில் ஒன்றை எர்த்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம், வழியில் சேருகிற இரைச்சலைக் கழித்துவிடுகிற வசதி போய்விடும், இருபது மீட்டருக்கு அது ஏரியல் மாதிரி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வரும். இரண்டு முனையிலும் எக்ஸ்எல்ஆர் உள்ள நல்ல வயர் ஒன்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு நானே வாங்கி, மிக்சரின் மைக் உள்ளீட்டில் நேராகப் போடச் சொன்னேன். வலையையும் பஞ்சையும் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினேன் (ஈரத்தோடு மாட்டாதீர்கள், கழற்றாமலும் கழுவாதீர்கள்). என் பழைய 58 கால்வாசி புதிதாகிவிட்டது. புது மைக் ஆசையில் இருக்கிற எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான், பதினாறாயிரம் மைக்கை பி-38 வயரில் சொருகுவதாக இருந்தால் வாங்காதீர்கள்.

இதன் பிறகும் ஒரு மாதம் 58-இல் பாடினேன். இரைச்சல் போனது, குடம் போகவில்லை. அப்போதுதான் முடிவு செய்தேன்.

வாங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. 58 அளவுக்குப் போலி வந்த மைக் வேறு இருக்காது. எங்கள் குழுவில் பேடு வாசிக்கும் பையன் ஆன்லைனில் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு ஒன்று வாங்கி வந்தான், பெட்டி, பை, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசல். மளிகைக் கடைத் தராசில் என்னுடையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தோம், முப்பது நாற்பது கிராம் கம்மி. அசல் 58-இன் கைப்பிடிக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, போலிக்காரர்கள் பெரும்பாலும் அதை வைப்பதில்லை. எடை சரியாக இருந்தாலே அசல் என்று நினைத்துவிடவும் முடியாது, இரும்புத் துண்டை உள்ளே ஒட்டி அனுப்புகிற கெட்டிக்காரர்களும் உண்டு. பெட்டியில் மெக்சிகோவில் செய்தது என்று போட்டிருக்கிறதே, அமெரிக்கா இல்லையே என்று பதற வேண்டாம், அசலே அங்கேதான் தயாராகிறது. பில் கொடுக்கிற, வாரண்டி கார்டில் முத்திரை குத்துகிற கடையில் வாங்குங்கள், ஆயிரம் ரூபாய் கூட ஆனாலும். இன்னொன்று, சுவிட்ச் வைத்த மாடல் வேண்டாம். ஆவேசமாகப் பாடும்போது கட்டை விரல் அதில் பட்டு மைக் அணைந்துபோய், வாய் மட்டும் அசைய நின்ற ஒரு அனுபவம் போதும்.

கணக்கு இதுதான். நான் விசாரித்தபோது 58 பத்தாயிரத்தை ஒட்டி இருந்தது, பீட்டாவும் இ935-உம் பதினைந்திலிருந்து பதினெட்டுக்குள், கடைக்குக் கடை மாறும். எனக்கு ஒரு மேடைக்கு இரண்டாயிரம் கிடைக்கும், கல்யாண சீசனில் கொஞ்சம் கூட. எட்டு மேடைக் காசு. வருடத்துக்கு நாற்பது மேடை ஏறுகிறவளுக்கு அது கட்டுப்படியாகும், ஒரு மைக் பத்து வருடம் வரும். மாதத்துக்கு ஒருமுறை குடியிருப்புச் சங்க விழாவில் கரோக்கே பாடுகிறவர் கேட்டால் வேண்டாம் என்பேன், 58 வாங்கி மிச்சக் காசில் ஸ்டாண்டும் வயரும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் சொந்த மைக்கே இல்லாதவர் கேட்டால் யோசிக்காமல் 58. ஏற்கெனவே 58 வைத்திருக்கும் ஆண் குரல்காரர்கள், அதில் திருப்தியாக இருந்தால், தயவுசெய்து இந்தப் பக்கமே வராதீர்கள். 58-இல் சொற்கள் மூடிப்போகிறது என்று இரண்டு மூன்று பேராவது தனித்தனியாகச் சொன்ன பெண் குரல்காரர்கள் இ935-ஐ இரவல் வாங்கி ஒரு முழு நிகழ்ச்சி பாடிப் பாருங்கள். கடையில் “ஹலோ, செக், ஒன் டூ” சொல்லிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது, அது எல்லா மைக்கிலும் நன்றாகத்தான் கேட்கும்.

நான் இ935 வாங்கி நான்கு மாதம் ஆகிறது. குறை என்று சொன்னால் அந்தக் கனம், அப்புறம் ப, ம்ப வருகிற இடங்களில் நேராக வைத்துப் பாடினால் காற்று ‘பொப்’ என்று அடிக்கிறது, மைக்கைக் கொஞ்சம் தாடைப் பக்கம் சாய்த்துப் பிடிக்கப் பழகிக்கொண்டேன். 58-ஐ விற்றுவிடலாம் என்று வீட்டில் யோசனை சொன்னார்கள், நானும் சரி என்றுதான் இருந்தேன். போன மாதம் ஒரு ஊரில் பாட்டு நடுவில் விழாக் கமிட்டிக்காரர் மேடை ஏறி வந்து, “தங்கச்சி, ஒரு நிமிசம், ஒரு பிள்ளையக் காணோம்” என்று என் கையிலிருந்த புது மைக்கை வாங்கினார். அதன் தலையில் மூன்று தட்டு தட்டினார், ஃபூ ஃபூ என்று இரண்டு முறை ஊதினார், பிறகு வலையை முழுக்கக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார், பொத்தினால் எந்த மைக்கும் கத்தும், இதுவும் கத்தியது. பிள்ளை ராட்டினத்துக்குப் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது, நல்லவேளை. அடுத்த நிகழ்ச்சியிலிருந்து 58-ஐ மேடை ஓரத்தில் தனி ஸ்டாண்டில், தனி வயரோடு வைத்துவிடுகிறேன். கமிட்டிக்காரர், தாய்மாமன், நன்றியுரை, யார் வந்தாலும் கையைக் காட்டுவது அங்கேதான்.